பொதுவுடைமைக் கட்சிகளின் எழுச்சியும் தளர்ச்சியும்: இந்தோனேசியா, இத்தாலி, இலங்கை – ஓர் ஒப்பியல் நோக்கு

பொதுவுடைமை இயக்கத்தின் வீழ்ச்சி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளையே சுட்டுவர். 1989 நவம்பரில் பேர்லின் மதில் திறக்கப்பட்டது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் மூலகாரணமாகக் கொண்டு, உலகெங்கணும் இருந்த பொதுவுடைமைக் கட்சிகள் யாவும் வேரறுந்த மரத்தின் கிளைகளைப்போல உலர்ந்தன என்னும் விளக்கம் இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆட்சியதிகாரத்தில் இருந்த கிழக்கு ஐரோப்பியக் கட்சிகளைப் பொறுத்தவரை இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால், ஆட்சியைக் கைப்பற்றாமலே பெருவளர்ச்சியுற்ற கட்சிகளின் வரலாற்றை எடுத்து நோக்கினால், இவ்விளக்கம் காலக்கணக்கிலேயே பிழைத்துவிடுகின்றது. இந்தோனேசியக் கட்சி 1965–66இல் அழித்தொழிக்கப்பட்டது. இலங்கையின் இடதுசாரிக் கட்சிகள் 1977 யூலைத் தேர்தலில் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. இத்தாலியக் கட்சி 1991 பெப்ரவரியிலேயே தன்னைக் கலைத்துக்கொண்டது என்பது மெய்யே. ஆயின் அதன் இறங்குமுகம் 1979ஆம் ஆண்டுத் தேர்தலில் தொடங்கிவிட்டது. மொஸ்கோவிற் செங்கொடி இறக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இம்மூன்று நாடுகளிலும் விளைவு தீர்மானமாகிவிட்டமையால், காரணத்தையும் அந்நாடுகளின் உள்ளேயே தேடவேண்டியவர்களாகின்றோம்.

இம்மூன்று நாடுகளையும் அருகருகே வைத்து நோக்குவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஒன்று கைத்தொழில் வளர்ச்சியுற்ற மேற்கு ஐரோப்பிய நாடு. மற்றையவை இரண்டும் குடியேற்ற ஆட்சியினின்றும் விடுபட்ட விவசாய நாடுகள். மேலும், இலங்கையின் முதன்மையான இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி ட்ரொட்ஸ்கியத்தைத் தழுவியது. மொஸ்கோவின் வழிகாட்டலை அது ஏற்றதேயில்லை. இவ்வேறுபாடுகளை நாம் மறக்கவில்லை. இருப்பினும் மூன்றுக்கும் பொதுவான ஓர் அமிசம் உண்டு. மூன்றும் சட்டபூர்வமான அரசியலின் வழியே வளர்ந்தன. மூன்றும் ஒரு காலத்தில் தத்தம் வகையில் முதலிடம் பெற்றிருந்தன. 1965இல் இந்தோனேசியக் கட்சி சோசலிச நாடுகளுக்கு வெளியே இருந்த கட்சிகளுள் மிகப்பெரியது. இத்தாலியக் கட்சி மேற்குலகில் மிகப்பெரியது. உலகில் ட்ரொட்ஸ்கியக் கட்சியொன்று பாராளுமன்றத்தின் பிரதான எதிர்க்கட்சியாக அமர்ந்தமை இலங்கையிலேயே நிகழ்ந்தது.

சட்டபூர்வமாக இயங்கும் புரட்சிகரக் கட்சிக்கு ஏதேனும் ஒரு காப்பு வேண்டியிருக்கிறது. நாட்டின் தலைவரொருவர் அதனை அளிக்கலாம். எழுதப்பட்ட அரசியலமைப்பு அளிக்கலாம். ஆட்சிபுரியும் நேசக்கட்சி அளிக்கலாம். காப்பு எதுவாயினும் அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கட்சித் தலைமை செலுத்தியதா, அன்றி அக்கட்சியை நம்பி நின்ற மக்கள் செலுத்தினரா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

ஆசியாவின் முதலாவது பொதுவுடைமைக் கட்சி 1920 மே மாதத்தில் ஜாவாவின் செமராங் நகரில் தோன்றியது. 1914இல் ஒல்லாந்தரான ஹென்க் ஸ்னேவ்லீட் நிறுவிய சமூக ஜனநாயகச் சங்கமே அதன் முன்னோடி. (இதே ஸ்னேவ்லீட்தான் மாரிங் என்னும் பெயரில் 1921இல் ஷங்ஹாயில் நடந்த சீனக் கட்சியின் முதல் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.) சரேகாட் இஸ்லாம் என்னும் வெகுசன இயக்கத்தினுள்ளே நுழைந்து வேலைசெய்த இச்சங்கத்தினர், மதப்பற்று மிக்க கிராம மக்களிடையே ஊன்றினர். 1926 நவம்பரில் மேற்கு ஜாவாவிலும் 1927 சனவரியில் மேற்குச் சுமாத்திராவிலும் எழுந்த கிளர்ச்சிகளை ஒல்லாந்த ஆட்சி நசுக்கியது. ஏறத்தாழ 13,000 பேர் கைதாயினர். பலர் நியூகினியின் காடுகளுள் அமைந்த பொவென் டிகுல் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1948 செப்டெம்பரில் மடியூனில் மீண்டும் ஒரு மோதல். இம்முறை கட்சியை ஒடுக்கியது விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த குடியரசின் படையே. தலைவர் மூசோ கொல்லப்பட்டார். இரண்டு தோல்விகளின் பின் 1951இல் தலைமையேற்ற அய்டிட், லுக்மான், நியோத்தோ, சுடிஸ்மான் ஆகியோர் முப்பது வயதை எட்டாதவர்கள் அல்லது அதனைச் சற்றே கடந்தவர்கள். இனி ஆயுத மோதலில் சிக்குவதில்லை, மக்களைத் திரட்டுவதே வழி என்று அவர்கள் முடிவுசெய்ததைப் புரிந்துகொள்வது கடினமன்று.

பலனும் விரைவில் கிட்டியது. 1955ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 16 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளையும் 39 ஆசனங்களையும் பெற்றுக் கட்சி நான்காமிடத்துக்கு வந்தது. 1957இல் நடந்த மாகாணத் தேர்தல்களில் மத்திய ஜாவாவில் முதலிடத்தையே பெற்றது. அடுத்த பொதுத்தேர்தலில் நாடளாவிய முதலிடம் கிட்டக்கூடும் என்னும் அச்சம் எதிராளிகளிடையே பரவிற்று. இவ்விடத்திலேதான் எமது ஆய்வுக்குரிய திருப்பம் நிகழ்கின்றது. அத்தேர்தல் நடக்கவேயில்லை. 1957இல் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. 1959 யூலையில் சனாதிபதி சுகர்ணோ 1945ஆம் ஆண்டு அரசியலமைப்பை மீளக் கொணர்ந்தார். 1960இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்றமும் கலைந்தது. 'வழிநடத்தப்படும் ஜனநாயகம்' எனப்பட்ட இவ்வமைப்பினால் மிகுந்த நட்டமடையவிருந்த கட்சி எதுவோ, அக்கட்சியே அதனை முன்னின்று ஆதரித்தது. தேசியம், மதம், பொதுவுடைமை ஆகிய மூன்றும் கைகோத்த 'நாசகோம்' என்னும் சுகர்ணோவின் கோட்பாட்டினுள் தனக்கென ஓர் இடம் கிடைத்ததே கட்சிக்குப் பெரிதாகத் தோன்றிற்று.

அவ்விடம் வெறும் அலங்காரமன்று. 1959இல் கட்சியின் மாநாட்டை இராணுவம் தடுக்க முற்பட்டபோது சுகர்ணோ தலையிட்டு அதனை நடக்கச் செய்தார். 1960இல் தெற்குச் சுமாத்திரா, தெற்குக் கலிமந்தான், தெற்குச் சுலாவெசி ஆகிய பிரதேசங்களின் தளபதிகள் கட்சியைத் தடைசெய்தபோதும் அவரே குறுக்கிட்டார். ஆனால், இக்காப்பு நகர மண்டபங்களில் வேலைசெய்த அளவுக்குத் தோட்டங்களிலும் வயல்களிலும் வேலைசெய்யவில்லை. 1957 டிசம்பரில் ஒல்லாந்தருக்குச் சொந்தமான நிறுவனங்களைத் தொழிற்சங்கங்கள் கைப்பற்றின. சில நாட்களுள் இராணுவம் தலையிட்டு அவற்றின் முகாமையைத் தன்வசப்படுத்திக்கொண்டது. பெருந்தோட்டங்களும் கப்பல், வணிக நிறுவனங்களும் அதிகாரிகளின் கைக்கு மாறின. நேற்று ஒல்லாந்த முதலாளிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி இன்று சீருடையணிந்த முகாமையாளன் முன் நின்றான்; இராணுவச் சட்டம் வேலைநிறுத்தத்தையும் தடுத்தது. கட்சி வெற்றியெனக் கொண்டாடிய தேசியமயமாக்கம் அதன் பரம எதிரிக்குப் பொருளாதாரத் தளமொன்றை அமைத்துக் கொடுத்தது. இத்தகைய முரண்பாடு இந்தோனேசியாவுக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் காண்போம்.

நிலப் பிரச்சினையிலும் இவ்வாறே. 1960ஆம் ஆண்டு நிலச்சட்டம் நில உடைமைக்கு உச்சவரம்பு விதித்தது, நடைமுறைப்படுத்துவோர்தாம் இல்லை. 1963இன் இறுதியில் தொடங்கி 1964 முழுவதும், மத்திய ஜாவாவிலும் கிழக்கு ஜாவாவிலும் பாலியிலும், கட்சி சார்ந்த விவசாயிகள் சங்கம் சட்டம் தமக்கு அளித்த நிலத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும் போராட்டத்தில் இறங்கியது. நிலம் யாருடையது? கிழக்கு ஜாவாவிற் பெரும்பாலும் நஹ்தத்துல் உலமாவைச் சார்ந்த சமயப் பெரியார்களதும் மத்ரஸாக்களதும். தலைநகரில் நாசகோமின் மதத் தூணாக நின்று கட்சியோடு கைகோத்தவர்களும், கிராமத்தில் அக்கட்சியின் குத்தகை விவசாயியோடு வரப்பில் மோதியவர்களும் ஒரே சாராரே. 1964 டிசம்பரில் போகோரில் கட்சித் தலைவர்களைக் கூட்டிய சுகர்ணோ இணக்கத்தை வலியுறுத்தினார். கட்சித் தலைமையும் அடங்கிற்று. ஆயின் கிராமத்துப் பகை அடங்கவில்லை. தலைமை பின்வாங்கியபின் அப்பகையோடு தனித்து வாழவேண்டியவன் குத்தகை விவசாயியே.

1965 செப்டெம்பர் 30ஆம் நாளிரவு ஆறு தளபதிகள் கொல்லப்பட்டமையும், ஜெனரல் சுகார்ட்டோ நிலைமையைக் கைப்பற்றியமையும் யாவரும் அறிந்தவை. அச்சதியில் அய்டிட்டின் பங்கு யாது என்னும் விவாதத்துக்குள் நாம் புகவில்லை. 30 இலட்சம் உறுப்பினர்களைக் கொண்டதாகக் கூறிய கட்சி சில மாதங்களில் இல்லாதொழிந்தது எவ்வாறு என்பதே எமக்கு முக்கியம். சுகர்ணோ எல்லாவற்றையும் சரிசெய்வார் என்று காத்திருக்குமாறே உறுப்பினர்கள் அறிந்திருந்தனர். பலர் அழைப்பாணை வந்ததும் தாமாகவே காவல் நிலையங்களுக்குச் சென்று பெயர்கொடுத்தனர். இராணுவம் முன்னின்று நடத்திய கொலைகளில், கிழக்கு ஜாவாவில் நஹ்தத்துல் உலமாவின் இளைஞர் அணியினரும் பங்குகொண்டனர். ஐந்து இலட்சத்துக்கும் பத்து இலட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் மாண்டனர் என்பதே ஆய்வாளர் பலரும் கொள்ளும் மதிப்பீடு. 1966 மார்ச்சில் கட்சி தடைசெய்யப்பட்டது. சுகர்ணோ 1967இல் அதிகாரத்தை இழந்தார். விசாரணையின்றிப் புரு தீவில் அடைக்கப்பட்டோருள் நாவலாசிரியர் பிரமுதியா அனந்த தூர் 1979 வரை அங்கிருந்தார். 2023 சனவரியில் சனாதிபதி ஜோக்கோ விடோடோ அரச சார்பில் வருத்தம் தெரிவித்தார். 1966ஆம் ஆண்டுத் தடைத் தீர்மானம் மாத்திரம் அகற்றப்படவில்லை. எஞ்சிய தலைவர்கள் 1966இல் தலைமறைவாக எழுதிய தன்விமர்சனம், சுகர்ணோவின் நிழலில் கட்சி தன் சுயேச்சையை இழந்தது என ஒப்புக்கொண்டது. அதனை எழுதியவர்களுள் ஒருவரான சுடிஸ்மான் பின்னர் மரணதண்டனைக்கு உள்ளானார்.

இத்தாலிக்கு வருவோம். இங்கும் கட்சி தோல்வியில் பிறந்ததே. 1921 சனவரியில் லிவோர்னோவில் அது நிறுவப்பட்டு இரண்டு ஆண்டுகள் நிறையுமுன் முசோலினி ஆட்சிக்கு வந்துவிட்டார். 1926இல் கைதான அந்தோனியோ கிராம்சி 1937இல் மாண்டார். ஏன் தோற்றோம் என்று அவர் சிறையிலிருந்து சிந்தித்தவற்றின் செல்வாக்கைத் தமிழ் வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1944 மார்ச்சில் மொஸ்கோவிலிருந்து திரும்பிய தொக்ளியாத்தி, முடியாட்சி பற்றிய பிரச்சினையைப் பின்தள்ளிவைத்து எல்லாப் பாசிச எதிர்ப்புச் சக்திகளோடும் சேர்ந்து அரசமைப்பதென்று அறிவித்தார். கட்சி கெரில்லாப் போராட்டத்தில் முன்னணி வகித்தது. குடியரசின் அரசியலமைப்பை ஆக்குவதிலும் பங்குகொண்டது. அரசியலமைப்பு நிர்ணய சபையின் தலைவர் என்ற முறையில் அவ்வாவணத்திற் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் கட்சியைச் சேர்ந்த உம்பர்த்தோ தெராசினி. கட்சிக்குக் கிடைத்த காப்பு இதுவே: தன் கையும் பட்டு எழுதப்பட்ட ஓர் அரசியலமைப்பு. சுகர்ணோவைப்போல அது ஒரு தனிமனிதனின் உயிரோடும் பதவியோடும் பிணைந்திருக்கவில்லை.

அதற்கும் விலை கொடுக்கப்பட்டது. முசோலினி வத்திக்கானோடு 1929இல் செய்த உடன்படிக்கைகளை அரசியலமைப்பினுள் சேர்க்கும் 7ஆம் உறுப்புரைக்கு 1947 மார்ச்சில் தொக்ளியாத்தியின் கட்சி ஆதரவாக வாக்களித்தது. சோசலிஸ்டுகள் எதிர்த்தனர். கத்தோலிக்கத் தொழிலாளரைப் பிளவுபடுத்தக்கூடாது என்பது கூறப்பட்ட நியாயம். இரண்டு மாதங்கள் கழியுமுன் பிரதமர் டி கஸ்பெரி கட்சியை அரசாங்கத்திலிருந்து வெளியேற்றினார் என்பதை நோக்கும்போது, விலை கொடுத்தும் பொருள் கிட்டவில்லை என்று சொல்லத் தோன்றும். ஆயினும் இவ்விடத்து ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதே அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரை எல்லாச் சமயங்களும் சட்டத்தின் முன் சம சுதந்திரம் உடையன என்றது. 6ஆம் உறுப்புரை மொழிச் சிறுபான்மையினரைக் குடியரசு பாதுகாக்கும் என்றது. விட்டுக்கொடுப்பு நிகழ்ந்தது, ஆனால் கட்சியோடு நின்ற எந்த மக்கட் பிரிவும் அதனால் உரிமையிழக்கவில்லை.

1948 ஏப்ரில் தேர்தலில் இடதுசாரி முன்னணி 31 சதவீதத்தோடு தோற்றது. யூலையில் தொக்ளியாத்தி சுடப்பட்டபோது நாடெங்கும் தொழிலாளர் தாமாகவே எழுந்தனர். கட்சி அவர்களை அமைதிப்படுத்தியது. இதன் பின்னர் முப்பது ஆண்டுகள் அது எழுப்பிய கட்டடம் வியப்புக்குரியது. எமிலியாவிலும் தஸ்கனியிலும் குத்தகை விவசாயிகள், கூட்டுறவுச் சங்கங்கள், மக்கள் மனைகள், நகரசபைகள் ஆகியவற்றினூடாக வாழ்க்கை முழுவதையும் தழுவிய ஓர் அமைப்பு உருவாயிற்று. பொலோஞா நகரம் 1945 முதல் 1999 வரை இடதுசாரிகளின் கையில் இருந்தது. 1956இல் ஹங்கேரி நிகழ்ச்சிகளையொட்டி அறிவாளிகள் பலர் வெளியேறியபோதும் இவ்வடித்தளம் ஆடவில்லை. அய்டிட்டுக்கு வாய்க்காதது இதுவே: தலைநகரில் எது நிகழினும் நிலைத்து நிற்கக்கூடிய, தனக்கே சொந்தமான ஓர் இல்லம்.

பின் தளர்ச்சி எங்கிருந்து வந்தது? 1973 செப்டெம்பரில் சிலியில் அலெண்டேயின் அரசு கவிழ்க்கப்பட்டதையடுத்து, என்ரிக்கோ பெர்லிங்குவர் கட்சியின் ஏடான றினாஷித்தாவில் எழுதிய கட்டுரைகளில் 'வரலாற்றுச் சமரசம்' என்னும் கருத்தை முன்வைத்தார். 51 சதவீதம் பெற்றாலும் இடதுசாரிகள் தனித்து ஆளமுடியாது. கத்தோலிக்க மக்களின் கட்சியோடு இணங்கவேண்டும் என்பது அதன் சாரம். (சிலியின் படிப்பினையை இத்துணை ஆழ்ந்து கற்ற ஐரோப்பிய இடதுசாரிகள், எட்டாண்டுகளுக்கு முன் அதனிலும் பன்மடங்கு மக்கள் மடிந்த ஜாவாவிலிருந்து அதேயளவு கற்கவில்லை என்பது எமது மனக்குறை. சமரசத்தின் ஆபத்துக்களை ஜாவா காட்டியிருக்கும்.) 1976 யூனில் கட்சி 34.4 சதவீத வாக்குகளைப் பெற்றது. அதன் உச்சம் அதுவே. அதன்பின் மூன்றாண்டுகள் அந்திரேயொட்டியின் கிறிஸ்தவ ஜனநாயக அரசாங்கத்தை, முதலில் வாக்களிக்காது விலகியிருந்தும், பின் ஆதரவளித்தும் அது தாங்கி நின்றது; அமைச்சரவையில் ஓர் ஆசனமும் பெறவில்லை. சிக்கனம் என்னும் பெயரில் தொழிலாளரைச் சம்பளக் கட்டுப்பாட்டுக்கு இணங்கவைக்கும் பொறுப்பு மாத்திரம் அதன் தோளில் விழுந்தது. சமரசத்துக்கு மறுபக்கத்தில் நின்ற அல்டோ மோரோ 1978 மே மாதத்தில் செம்படையணியினராற் கொல்லப்பட்டார். 1979இல் வாக்குகள் 30.4 சதவீதமாகக் குறைந்தன. 1980இல் தூரின் நகரின் பியற் தொழிற்சாலையில் 35 நாள் நீடித்த போராட்டம் தோற்றது. 1984 யூனில், பெர்லிங்குவர் இறந்த ஒரு கிழமைக்குள் நடந்த ஐரோப்பியத் தேர்தலில் கட்சி முதன்முறையாகக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியை முந்தியது. அது அனுதாபத்தின் வெற்றி, நிலைக்கவில்லை.

அக்காலத்தில் அடித்தளமும் மாறிக்கொண்டிருந்தது. குத்தகை விவசாயி நகரத்துக்குப் போய்விட்டான். பெருந்தொழிற்சாலையின் ஆட்தொகை சுருங்கிற்று. 1989 நவம்பரில், பேர்லின் மதில் திறந்த மூன்றாம் நாள், அகிலே ஒக்கெற்றோ பெயர்மாற்றத்தை அறிவித்தபோது அழுத தொண்டர்கள் ஆயிரமாயிரம். 2008ஆம் ஆண்டுத் தேர்தலில், போருக்குப் பிந்திய வரலாற்றில் முதன்முறையாக, பொதுவுடைமைவாதிகள் எவரும் இத்தாலியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. எனினும் ஒருவரும் கொல்லப்படவில்லை, எந்த மக்களும் நாடற்றவராகவில்லை. இத்தாலியக் கட்சியின் விலையை இறுதியில் கட்சியே செலுத்தியது.

இலங்கையைப் பற்றி எழுதும்போது இத்தகைய நிதானம் எமக்கு எளிதில் வருவதில்லை. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமங்களுக்குச் சென்று தொண்டாற்றிய இளைஞர்களும், சூரியமல் இயக்கத்தினரும் 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சியை நிறுவினர். அடுத்த ஆண்டே பிலிப் குணவர்த்தனவும் என்.எம். பெரேராவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுடப்பட்டபோது அப்போராட்டத்தின் பின்னால் நின்றது இக்கட்சியே. ஸ்ராலின் பற்றிய பிளவில் வெளியேற்றப்பட்டோர் 1943 யூலையில் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க தலைமையில் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் சமசமாஜக் கட்சி 10, அதனின்று பிரிந்திருந்த போல்ஷெவிக்–லெனினியக் கட்சி 5, கம்யூனிஸ்ட் கட்சி 3 என 18 ஆசனங்கள் இடதுசாரிகளுக்குக் கிடைத்தன. மலைநாட்டிற் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் அவர்களுக்குத் துணைநின்றன.

அத்தேர்தலின் மறுமொழியாகவே 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையும், 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தையும் நோக்கவேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். இடதுசாரிகள் இவற்றை எதிர்த்து வாக்களித்தனர். அது அவர்களுடைய வரலாற்றின் பெருமைமிக்க பக்கம். ஆனால், எதிர்த்ததோடு பிரச்சினை முடிந்துவிடவில்லை. தேர்தற் தொகுதிகள் சனத்தொகையை அடிப்படையாகக் கொண்டு, 75,000 பேருக்கு ஒன்று என வகுக்கப்பட்டவை. வாக்குரிமை பறிக்கப்பட்ட பின்னரும் தோட்டத் தொழிலாளர் அக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். எண்ணப்படுவதற்கு ஆட்களாகவும் வாக்களிப்பதற்கு ஆட்களல்லாதவராகவும் அவர்கள் ஆக்கப்பட்டமையால், கண்டிச் சிங்களக் கிராமத்து வாக்கின் நிறை தானாகவே கூடிற்று. களனிப் பள்ளத்தாக்கிலும் தென்மேற்குக் கரையோரத்திலும் கொழும்பிலும் வேரூன்றிய இடதுசாரிகளின் வாக்கு அதற்கேற்பக் குறைந்தது. சட்டமொன்றினால் ஒரு பாட்டாளி வர்க்கத்தின் மிகப்பெரிய பகுதியைத் தேர்தற் கணக்கிலிருந்து அழித்துவிட முடியும் என்பதை உலகுக்குக் காட்டிய நாடு இது. அடுத்த கால் நூற்றாண்டில் இடதுசாரித் தலைவர்கள் செய்த ஒவ்வொரு சமரசத்துக்கும் பின்னால் இவ்வெண்கணிதம் நிற்கின்றது. அச்சமரசங்களை நியாயப்படுத்த நாம் இதைக் கூறவில்லை.

1953 ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலை இவ்வியக்கத்தின் உச்சம் எனலாம். ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டமைக்கு எதிராக எழுந்த அப்போராட்டத்தின்போது, அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடவேண்டியதாயிற்று; சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஆயினும் ஒரு நாளுக்கென அழைக்கப்பட்ட ஹர்த்தால் ஒரு நாளோடு நிறுத்தப்பட்டது. அதன் அறுவடையை 1956இல் பெற்றவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அவ்வாண்டு சமசமாஜக் கட்சி 14 ஆசனங்களோடு எதிர்க்கட்சியாயிற்று. பருத்தித்துறையில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையா வெற்றிபெற்றார். தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக இரு கட்சிகளும் வாக்களித்தன. ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று கொல்வின் ஆர்.டி சில்வா விடுத்த எச்சரிக்கையைத் தமிழ் மேடைகள் இன்றும் நினைவுகூர்வதுண்டு. தமிழருள் இடதுசாரிகளை நம்பியோர் தொகை அதிகமன்று எனினும், அந்நம்பிக்கை வெறுமையான ஒன்றன்று. வடக்கில் சாதிக் கொடுமைக்கு எதிரான போராட்டங்களை 1966இலும் அதன் பின்னரும் முன்னெடுத்தவர்கள் பொதுவுடைமைவாதிகளே.

1960 மார்ச்சில் நூற்றுக்கு மேற்பட்ட வேட்பாளர்களை நிறுத்தித் தனித்து ஆட்சியமைக்க முயன்ற சமசமாஜக் கட்சிக்குப் பத்து ஆசனங்களே கிடைத்தன. தலைமையின் மனம் அங்கேதான் முறிந்தது என்று கருதுகின்றோம். 1963இல் உருவான ஐக்கிய இடதுசாரி முன்னணி ஓராண்டும் நிலைக்கவில்லை. 1964 யூனில் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. நான்காம் அகிலம் அதனை வெளியேற்றியது. என்.எம். பெரேரா நிதி அமைச்சரானார். அதே ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானம். யாருடைய வாழ்வு பங்கிடப்பட்டதோ அவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. 1948இல் எதிர்த்துக் கைதூக்கிய கட்சி இப்போது அமைச்சரவையில் இருந்தது.

1966 சனவரி 8ஆம் நாள், தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராகச் சுதந்திரக் கட்சி நடத்திய ஊர்வலத்தில் இடதுசாரிகளும் சென்றனர். மசாலை வடையை வைத்துக் கட்டிய அன்றைய கோஷத்தை இங்கு எழுதுவதற்குக் கை கூசுகின்றது. பொலிசார் சுட்டதில் ஒரு பௌத்த பிக்கு உயிரிழந்தார். பத்தாண்டுகளுக்கு முன் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கேட்டு, கல்லெறிக்கு முகம்கொடுத்துக் கூட்டம் நடத்தியவர்களின் கட்சி இது.

1970இல் ஐக்கிய முன்னணி வென்றது. சமசமாஜக் கட்சிக்கு 19, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 6 ஆசனங்கள். முன்னெப்போதும் பெறாத தொகை. ஆனால், சுதந்திரக் கட்சி தனித்தே 91 ஆசனங்களைப் பெற்றிருந்தது. ஆட்சி நிலைப்பதற்கு இடதுசாரிகள் தேவைப்படவில்லை. அவர்களுக்குத்தான் ஆட்சி தேவைப்பட்டது. இந்தோனேசியாவில் நாம் கண்ட நிலை இதுவே. அரசியலமைப்பு விவகார அமைச்சராகிய கொல்வின் ஆர்.டி சில்வாவின் பொறுப்பில் 1972 மே 22இல் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 6ஆம் பிரிவு, பிற சமயத்தினரின் உரிமைகளை உறுதிசெய்தபோதிலும், பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கியது. 7ஆம் பிரிவு சிங்களத்தை அரசகரும மொழியாக்கியது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவில் இருந்த சிறுபான்மையோர் காப்பு மறைந்தது. மொழி பற்றிய திருத்தங்கள் நிராகரிக்கப்பட்டதும் 1971 யூனிலேயே தமிழரசுக் கட்சி நிர்ணய சபையைவிட்டு வெளியேறியிருந்தது. ஒரே எண்ணுடைய பிரிவுகள் இரண்டு நாட்டு யாப்புகளில் எவ்வாறு எதிரெதிரே நிற்கின்றன என்பது தற்செயலே. ஆனால், தொக்ளியாத்தி சமயத்துக்கு விட்டுக்கொடுத்தபோது மொழிச் சிறுபான்மையினருக்கு ஒரு வேலி எஞ்சியது, கொல்வின் விட்டுக்கொடுத்தபோது இருந்த வேலியும் பிடுங்கப்பட்டது என்பது தற்செயலன்று. அங்கே கத்தோலிக்கத் தொழிலாளி கட்சியின் வாக்காளன். இங்கே தோட்டத் தொழிலாளி எவருக்குமே வாக்காளனல்லன். வடக்கும் கிழக்கும் கணக்கிற் கொள்ளப்படவில்லை.

இளைஞரின் கோபத்துக்கும் இதே வெற்றிடமே இடம்கொடுத்தது. 1971 ஏப்ரில் கிளர்ச்சியை நடத்திய மக்கள் விடுதலை முன்னணி, பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்த றோகண விஜேவீரவினால் அமைக்கப்பட்டது. அது தன் உறுப்பினர்க்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தொழிலாளரை அதன் கருவியாக அது காட்டிற்று. அதே கட்சியின் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 159 ஆசனங்களையும், அவற்றோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடத்தையும் பெற்றமை இடதுசாரி இயக்கத்தின் மறுபிறப்பா, வேறொன்றா என்பது தனியே ஆராயத்தக்கது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. சோசலிசத்தின் வெற்றி என்று அது வரவேற்கப்பட்டது. அத்தோட்டங்களில் 1973–74இல் பட்டினியால் மக்கள் மடிந்தனர் என்பதும், நாடற்றவராய் இருந்தமையால் அவர்களின் குரல் பாராளுமன்றத்தை எட்டவில்லை என்பதும் அதே காலத்தின் செய்திகள். ஜாவாவின் தொழிலாளியைப்போலவே இவர்களும் கம்பனித் துரையினிடமிருந்து அரச அதிகாரியிடம் கைமாறினர். 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சி 1977இல் விலகிற்று. யூலைத் தேர்தலில் என்.எம். பெரேராவும் கொல்வினும் தோற்றனர். 1980 யூலை வேலைநிறுத்தத்தில் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தபோது, அவர்களுக்காகப் பாராளுமன்றத்திற் பேசத் தேர்தலில் வென்ற இடதுசாரி உறுப்பினர் எவரும் இருக்கவில்லை.

தோட்டத் தொழிலாளருள் நாடற்றவராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேறின. வாக்குச்சீட்டு அவர்களுடைய கைக்குத் திரும்பி வந்தபோது, 1948இல் அவர்களுக்காக எதிர்த்து வாக்களித்த கட்சிகள் மலைநாட்டுத் தேர்தற் களத்தில் பெயரளவிலேயே எஞ்சியிருந்தன.